பிரிட்டோவின் பதினான்கு கதவுகள்

எங்கள் பத்திரிகை மொத்தம் ஒரே ஒரு பிரதி. கையால் எழுதியது, கையால் தைத்தது. அந்த ஒரு பிரதியை முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கெடு முடிந்ததும் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டில் சேர்த்தவர் பிரிட்டோ. இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. தூத்துக்குடியில் மகன் ஜெகன் வீட்டு மாடியில் இருக்கிறார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப்போனதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதிப் பாதி, கடைசி வருஷம் அவர் பட்ட அவஸ்தைக்கு நான்தான் காரணம் என்பது.

முதலில் பத்திரிகை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றில் நான் இங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தேன். ஊரைக் கல்கத்தா என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. பெயர் மாறி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அது திருந்தவில்லை. மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் ஆகி, தெருவோரப் பவழமல்லி கொட்ட ஆரம்பித்தால் அலுவலகத்தில் ஒருத்தர் மேஜையிலும் ஃபைல் இருக்காது. எல்லார் மேஜையிலும் துர்கா பூஜைக்கு வங்காளிப் பத்திரிகைகள் போடுகிற, தலையணை கனத்துக்குப் பூஜை மலர்கள்தான். ஒருவர் முடித்து அடுத்தவருக்குத் தருவார். மத்தியானம் முழுக்க எந்தக் கதை தேவலை, எந்த எழுத்தாளர் இந்த வருஷம் சறுக்கிவிட்டார் என்று சண்டை நடக்கும். குமாஸ்தா, மேலதிகாரி என்ற பேதமே அந்தச் சண்டையில் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எதிர் மேஜைக்காரர் ஒருநாள் என்னிடம், உங்கள் பாஷையில் பூஜைக்கு ஒன்றும் எழுத மாட்டீர்களா என்று கேட்டார். எங்களுக்குத் தீபாவளி மலர் உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அது மெட்ராஸில் வருகிறது பௌதி, இங்கே இருக்கிற நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்றார். பௌதி என்றால் அண்ணி, கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வந்த தமிழர்களை எல்லாம் வழிமறித்துப் பேச ஆரம்பித்தேன்.

பதினான்கு குடும்பங்கள் சேர்ந்தன. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் சிலர், கிடர்பூர் துறைமுகத்தில் சிலர், லேக் மார்க்கெட் கடைக்காரர்கள் சிலர். அவரவர் எழுதித் தந்ததை நான் நீள நோட்டில் அழகாகப் பிரதி எடுத்தேன். கார்டன் ரீச் ஆற்றங்கரையில் அந்த மாசத்தில் வெள்ளை வெளேரென்று நாணல் பூத்து நிற்கும். அதனால் 'வெண்ணாணல்' என்று பெயர் வைத்தோம். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். பதினான்கு வீட்டுக்கு இருபத்தெட்டு நாள். மஹாலயா அன்று கிளம்பினால் தீபாவளிக்குள் சுற்று முடிந்துவிடும். கடைசியில் இருபது பக்கம் வெறுமையாக விட்டு வைத்தேன், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முதல் வருஷமே மூக்குடைந்தது. நவமி அன்று பத்திரிகை யார் வீட்டில் இருந்ததோ அவர்கள் அதைச் சரஸ்வதி பூஜையில் வைத்துவிட்டார்கள். நம் வீட்டு வழக்கம்தான் தெரியுமே. புத்தகத்தை எல்லாம் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டால் விஜயதசமி வரைக்கும் ஒரு எழுத்து படிக்கக் கூடாது. வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை தை மாசத்தில் வருகிறது. புரட்டாசி நவமியில் அவர்கள் காலை நீட்டிப் படுத்துப் பூஜை மலர் படிப்பார்கள். நாங்களோ அதே நாளில் எங்கள் மலரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பத்திரிகை எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நாலு மாமிகள் போட்டி வேறு. படிப்பதற்குப் போட்டி என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். இது மூடி வைப்பதற்குப் போட்டி.

அந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும்போது, கதவோரம் நின்ற ஒல்லி ஆள் ஒருவர் வாயைத் திறந்தார். பதினான்காவது குடும்பம் என்று சேர்ந்தவர். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்க வீட்டுல சரசுவதி பூசை கிடையாதுல்லா அக்கா. அந்த ரெண்டு நாளு எங்கிட்ட கிடக்கட்டும். நான் படிச்சிக்கிடுதேன்" என்றார்.

அவர்தான் பிரிட்டோ. தூத்துக்குடிக்காரர். எட்டாவது வரை படிப்பு. மாமா ஒருவர் கப்பலில் இருந்தார், அவர் பின்னாலேயே இருபது வயதில் இங்கே வந்து கிடர்பூரில் ஒரு ஏஜெண்டிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கப்பலில் வந்த சரக்குக்கான காகிதங்களைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் நாள் முழுக்க அலைகிற வேலை. அதற்கு இங்கே ஜெட்டி சர்க்கார் என்று பெயர். பேரில்தான் சர்க்கார், காலில் செருப்பு மாசத்துக்கு ஒன்று தேயும். காகிதத்தைக் கசங்காமல், நனையாமல், நேரம் தவறாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கையில் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே நவமிக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, பத்திரிகையைச் சுமக்கும் பொறுப்பு முழுக்க அவர் தோளுக்குப் போய்விட்டது. கறுப்பு ரெக்ஸின் பையில் வெண்ணாணலைப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவார்.

அவரிடம் கெஞ்சினால் நடக்காது. இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். இன்னும் பத்துப் பக்கம்தான் பாக்கி, நாளைக்கு வாங்களேன் என்று ஒரு அம்மாள் கண் கலங்கியிருக்கிறாள். அடுத்த வீட்டுலயும் ஒரு அக்கா வாசலப் பாத்துட்டு நிப்பாங்க என்று சொல்லிப் பையைத் திறந்து காட்டியிருக்கிறார். பத்திரிகாசிரியை என்ற கெத்தில் நானே ஒருமுறை ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே பதில்தான்.

அவருடைய கண்டிப்புக்குச் சரியான ஜோடி குருமூர்த்தி. கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி. கடிகாரத்தைப் பார்த்து மூச்சு விடுகிற ரகம். வேலையில் இருந்தபோது குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றபின் லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்றாவது மாடியில் சொந்த வீடு. பிரிட்டோ பஸ்ஸை நம்பாமல் ஐந்தரைக்கே போய்விடுவார். குருமூர்த்தி ஆறு மணிக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார். அதனால் வாசலுக்கு வெளியே ஒரு பிரம்பு நாற்காலி போட்டு வைத்திருப்பார். பிரிட்டோ அதில் உட்கார்ந்து காத்திருப்பார். ஆறு அடித்ததும் கதவு திறக்கும், பத்திரிகை கைமாறும், கதவு மூடும். அவ்வளவுதான். குவார்ட்டர்ஸிலிருந்து வீடு மாறியபோது அந்த நாற்காலியும் கூடவே வந்து, புது வீட்டிலும் வாசலுக்கு வெளியேதான் உட்கார்ந்தது.

எனக்கு அந்த நாற்காலியைக் கண்டால் ஆகாது. குருமூர்த்தியின் அம்மா இருந்தவரைக்கும் அந்த வீட்டில் மடி ஆசாரம் அதிகம். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. அப்புறமும் நாற்காலி ஏன் வெளியிலேயே கிடக்க வேண்டும்? நாங்கள் எல்லோரும் உள்ளே சோபாவில் உட்காருகிறோம், பிரிட்டோ மட்டும் மாடிப்படியில். ஒருமுறை போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பிரிட்டோதான் தடுத்தார். நீங்க சும்மா இருங்கக்கா, அந்த அரை மணிநேரம் எனக்கு வேணும், அங்க உக்காந்துதான் முந்தின வீட்டுக்காரங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிப்பேன் என்றார். அவரே அப்படிச் சொன்னபின் நான் யார் சண்டை போட? வாயை மூடிக்கொண்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

குருமூர்த்தியின் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. வருஷாவருஷம் நான் உயிரைக் கொடுத்து ஒரு கதை எழுதுவேன். அபிப்பிராயப் பக்கத்தில் அவர் எழுதுவது ஒரே சொல். 'படித்தேன்.' கீழே கு.மூ. என்று கையெழுத்து, தேதி, நேரம். முப்பத்து மூன்று வருஷமும் அதே சொல்தான். ரயில்வேயில் கூட இதைவிட நீளமாக ரசீது கொடுப்பார்கள்.

ஆனால் நவமி நாட்களை நினைத்தால் இதெல்லாம் மறந்துவிடும். கல்கத்தாவில் அன்றைக்கு வெண்ணாணல் படிக்கக் கிடைக்கிற ஒரே தமிழ் வீடு பிரிட்டோவுடையது. வீட்டில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கை நமநமவென்று அரிக்கும் ஆட்கள், கிடர்பூர் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பி நேரே அவர் வீட்டில் போய் இறங்குவோம். இரண்டே அறை. கட்டிலில் நாலு பேர், தரையில் ஆறு பேர். வெளியே கொட்டு அதிர்ந்துகொண்டிருக்கும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்போம். சொந்த வீட்டில் படித்தால்தான் தோஷம், கிறிஸ்தவர் வீட்டில் காதால் கேட்டால் தோஷமில்லை என்று நாங்களே ஒரு சாஸ்திரம் செய்துகொண்டோம். அவர் மனைவி பனிமயம் ஊரிலிருந்து வந்த மக்ரூனைத் தட்டில் வைப்பாள். அதில் முட்டை உண்டா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்கிற பயம். கதையில் எங்காவது நல்ல இடம் வந்தால் பிரிட்டோ அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்வார். என் வாழ்க்கையில் நான் அத்தனை சந்தோஷமாக இருந்த மத்தியானங்கள் ரொம்பக் கொஞ்சம்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. மாற்றலாகிப் போனவர்கள் போனார்கள், புதிதாக வந்தவர்கள் சேர்ந்தார்கள், பதினான்கு என்ற எண்ணிக்கையை மட்டும் எப்படியோ இழுத்துப் பிடித்தோம். கொரோனா வருஷத்தில் வீட்டுக்கு வீடு போக முடியாமல், பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். பதிமூன்று கட்டைவிரல் வந்தது. படித்தது ஒருவரும் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். பிரிட்டோ மட்டும் விரலும் காட்டவில்லை. இது வேண்டாம்க்கா, பஸ் ஓடட்டும், நான் வாரேன் என்று போனில் சொன்னார். மறுவருஷம் முகக்கவசத்தோடு அதே ரெக்ஸின் பை வந்து நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனிமயம் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் பத்து நாளில் முடிந்துவிட்டாள். அந்த வருஷ நவமிக்கு நாங்கள் மூன்று பேர்தான் அவர் வீட்டுக்குப் போனோம், யாராலும் உரக்கப் படிக்க முடியவில்லை. ஜெகன் ஊருக்கு வந்துவிடுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தான். போன வருஷம் பூஜையோடு கிளம்புவதென்று முடிவாயிற்று. விஜயதசமி அன்று மத்தியானம் மூன்று இருபதுக்கு ஷாலிமாரிலிருந்து ரயில்.

செய்தி கேட்டதும் நான் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷத்தில் வெண்ணாணலில் ஒரு வரிகூட எழுதாத ஒரே ஆள் அவர். என்னென்னவோ எழுதியிருக்கிறோம். ஜோக்கு, சமையல் குறிப்பு, கண்றாவியான கவிதை எல்லாம் வந்திருக்கிறது. சுமந்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. எழுதிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்கு என்னக்கா எழுதத் தெரியும் என்று நழுவினார். நான் விடவில்லை. அபிப்பிராயப் பக்கங்களுக்கு முன்னால் ஆறு பக்கத்தை வெறுமையாக விட்டு, மேலே பிரிட்டோ என்று மட்டும் எழுதி, மஹாலயா அன்று அவர் கையிலேயே பத்திரிகையைக் கொடுத்தேன். தன் பெயர் போட்ட வெறும் பக்கங்களைத் தானே தூக்கிக்கொண்டு நாலு வீட்டுக்கு அலைந்தார் மனிதர். நாலு வீட்டிலும் அபிப்பிராயப் பக்கத்தில், பிரிட்டோவின் கதை எங்கே என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது முறை அவருடையது. அஷ்டமியில்தான் அது தொடங்க வேண்டும். நாலாவது வீட்டில் ஒருநாள் முன்னதாகவே தந்துவிட, சப்தமி அன்றே பத்திரிகையோடு வீட்டுக்குப் போனார். கட்டில், பீரோ எல்லாம் கொடுத்தாகிவிட்டது. வெறும் தரையில் உட்கார்ந்து, ஒரு டிரங்குப் பெட்டியை மேஜையாக வைத்துக்கொண்டு எழுதினாராம். அஷ்டமி மத்தியானம் போன் செய்தார். எழுதிவிட்டேன் என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கதை என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். ஊருக்குப் போவதற்குள் ஒருத்தராவது படித்து ஒரு வரி எழுதித் தர வேண்டும். அதுவும் குருமூர்த்தி எழுத வேண்டும்.

ஏன் அந்த ஒற்றைச் சொல் மனுஷர் என்று எரிச்சலாகக் கேட்டேன்.

"மத்தவங்க எல்லாம் புரட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு போடுவாங்கக்கா. அவரு படித்தேன்னு போட்டா நெசமாவே படிச்சிருக்காருன்னு அர்த்தம். முப்பத்து மூணு வருசமா எல்லாருக்கும் சொமந்துட்டு வந்திருக்கேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்லா."

ஆறாவது முறை குருமூர்த்தியுடையதுதான். ஆனால் முறைப்படி அது தசமி சாயங்காலம் போக வேண்டும், அதற்குள் ரயில் போய்விடும். ஒரு நிமிஷம் யோசித்தேன். உங்கள் முறையைச் சுருக்கிக்கொண்டு இன்று சாயங்காலமே அவரிடம் கொடுத்துவிடுங்கள், நாளை சாயங்காலத்துக்குள் படித்துவிடுவார் என்று சொன்னேன். அவரும் சரியென்றார். இந்த யோசனையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பூஜைக்காக என் வீட்டுப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்க ஆரம்பித்தேன். கையில் பட்டுத்துணி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று ஆறு மணிக்குக் குருமூர்த்தி வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி கோமதி. ரொம்ப நல்ல மாதிரி. அன்று பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது நம்மாத்துப் பூஜைக்கு வெண்ணாணல் வந்ததே என்று சொல்லி, பிரிட்டோ கையிலிருந்து வாங்கியவர் நேரே கூடத்துக்குப் போய், அடுக்கியிருந்த புத்தகங்களின் மேல் வைத்து, சந்தனப் பொட்டு இட்டு, பட்டை இழுத்து மூடிவிட்டார். வாசலில் நின்றபடியே பிரிட்டோ அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நவமிக்குப் பத்திரிகை அடைபடாமல் இருப்பதற்காகவே வந்து சேர்ந்த மனிதர், தன் முதல் கதையைத் தன் கையாலேயே கொண்டுபோய் அடைத்துவிட்டு வந்தார். எனக்கும் மறந்துட்டுக்கா, எழுதின நெனப்புலயே போயிட்டேன் என்று போனில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை குருமூர்த்தி வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார், பேப்பர்கூடக் கையில் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெச்சாச்சு வத்சலா. இனிமே நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனப்புறம்தான். அம்மா காலத்துலேர்ந்து ஒருநாளும் மாத்தினதில்லை" என்றார். அந்த மனுஷர் நாளைக்குப் போகிறார் சார் என்றேன். மூன்று இருபது வண்டிதானே, நேரம் இருக்கு என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினேன். வாசலில் அந்தப் பிரம்பு நாற்காலி கிடந்தது. காலால் ஒரு உதை விட வேண்டும் போலிருந்தது. ஊர் முழுக்க வங்காளிகள் மலர் படித்துக்கொண்டிருக்க, பிரிட்டோ காலி வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து நான் அன்றைக்கு ஒரு பந்தலுக்கும் போகவில்லை. படம் பிடித்துப் பிறகு அனுப்புகிறேன் என்று அவருக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். போன்ல வேண்டாம்க்கா, கையால எழுதினதக் கையில வாங்கணும் என்றார்.

விஜயதசமி காலை பத்தரைக்குப் புனர்பூஜை. நான் பத்து மணிக்கே போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கற்பூரம் காட்டி, பட்டை எடுத்ததும், வழக்கப்படி ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து நாலு வரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேலாக இருந்தது வெண்ணாணல். குருமூர்த்தி அதை எடுத்தார். அட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது. பிரிட்டோவின் ஆறு பக்கத்தைப் பிரித்தார். ஊதா மையில் குண்டு குண்டான எழுத்து. பதினான்கு கதவுகள் என்று தலைப்பு.

கதை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒருவர் பதினான்கு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், அவ்வளவுதான். பெயர் எதுவும் கிடையாது. கதவு திறக்கிற விதத்திலேயே ஒவ்வொரு வீடும் தெரிந்தது. சங்கிலி மாட்டிய கதவு, குழந்தை ஓடி வந்து திறக்கிற கதவு, திறப்பதற்கு முன்பே பெருங்காய மணம் வருகிற கதவு. கதவைத் திறந்தவுடன் எந்தக் கதை மோசம் என்று திட்ட ஆரம்பிக்கிற ஒரு அக்காவும் அதில் வந்தாள், அது நான்தான். நாலு வரி படிக்க எடுத்தவர் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார். ஆறாவது கதவு வந்தது.

"மூன்றாவது மாடி வீட்டில் கதவு ஆறு மணிக்குத் திறக்கும். எனக்காக வெளியே ஒரு பிரம்பு நாற்காலி இருக்கும். வலது கைப்பிடியில் பிரம்பு பிரிந்து நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை நான் அதைச் சுற்றிச் சரி செய்வேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்ததுபோல் நான் எங்கும் படித்ததில்லை. அந்த வீட்டுக்குள்ளே சுவர் என்ன நிறம் என்று மட்டும் எனக்குத் தெரியாது."

குருமூர்த்தி நிறுத்தினார். தலையைத் தூக்கித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். வெளிர் பச்சை. கோமதி மாமி குனிந்து கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக நான் போட நினைத்த சண்டையை, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் பிரிட்டோ முடித்து வைத்துவிட்டார். பிறகு குருமூர்த்தி மீதி எட்டுக் கதவையும் படித்து முடித்தார், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேனா கேட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். எழுதியதை நான் பார்ப்பதற்குள் மூடிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் சார், உங்களுக்கு எழுபத்தெட்டு வயசு என்றேன். அவர் அதற்குள் படி இறங்கிவிட்டார், நானும் பின்னால் ஓடினேன்.

டாக்ஸி கிடைக்கவே பன்னிரண்டாகிவிட்டது. தசமி அன்று இந்த ஊரில் வண்டியில் போவது என்பது நம் கையில் இல்லை. துர்கை சிலையோடு சீக்கிரமே விசர்ஜனத்துக்குக் கிளம்பிவிட்ட லாரிகள், முகமெல்லாம் குங்குமமாகப் பெண்கள், நடுரோட்டில் கொட்டு. கிடர்பூர் முனையில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். ரயில்வேயில் ஆயுசைக் கழித்த மனுஷர் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது ஹூக்ளி பாலம் ஏறியபோது கீழே கரையில் நாணல் பூத்திருந்தது. அதைப் பார்க்கவும் எங்களுக்கு மனசில்லை. ஷாலிமாரில் இறங்கும்போது மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம்.

பிரிட்டோ பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் எதிர்பார்த்தார். பின்னால் வேர்க்க விறுவிறுக்க வருகிற குருமூர்த்தியைக் கண்டதும் அவசரமாகக் கீழே இறங்கினார். குருமூர்த்தி பையை நீட்டினார். முப்பத்து மூன்று வருஷத்தில் பிரிட்டோவிடம் ஒருவர் வெண்ணாணலைச் சுமந்து வந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அபிப்பிராயப் பக்கத்தைப் பிரித்தார். படித்தார். திரும்பவும் படித்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

'படித்தேன். நாற்காலியை உள்ளே போட்டிருக்க வேண்டும். கு.மூ.'

தேதியும் நேரமும் போட மறந்திருந்தார்.

குருமூர்த்தி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. பிரிட்டோ பெட்டியின் படியில் ஏறி நின்று, குனிந்து, அவர் பக்கம் கையை நீட்டினார்.

"உள்ள வாங்க சார். உக்காருங்க. இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குருமூர்த்தி ஏறினார். ஜன்னல் வழியே பார்த்தேன். கீழ் பெர்த்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டோ தகர டப்பாவைத் திறந்து நீட்ட, குருமூர்த்தி ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை.